ஏழரை எச்.பி.

வாடே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. பி.எஸ்சி. ஃபிசிக்ஸ் கடைசி வருசத்துப் பய இன்ஜினியரிங் பக்கம் தாவப் போறானாம்னு டீக்கடையில பேசிக்கிடுதாவ. உங்க அப்பன் என்கிட்ட மூச்சு விடல. அவனுக்கு நான் காலேஜ் லேப்ல அட்டெண்டரா இருந்து ரிட்டையர் ஆனவன், அவ்வளவுதான். ஆனா ஃபிசிக்ஸ் படிக்கிற பயலுவள நான் பாத்த அளவுக்கு எந்தப் புரொபசரும் பாத்திருக்க மாட்டாரு. அவரு முன்னால எல்லாவனும் நியூட்டனுக்குத் தம்பி மாதிரி நிப்பான். அவரு அந்தப் பக்கம் போனதும், ஸ்பெக்ட்ரோமீட்டர்ல மினிமம் டீவியேசன் கிடைக்காம முழிச்சி, புஸ்தகத்துல போட்டிருக்க விடையை வச்சிப் பின்னாலருந்து கணக்குப் போட்டு ரீடிங்கைச் சமைப்பான். பக்கத்துல ப்ரிசத்தைத் தொடச்சிக்கிட்டு நின்னவன் நான்தான். நீயும் சமைச்சிருப்ப. அது கெடக்கட்டும்.

"கலாமும் இப்படித்தான தாத்தா போனாரு"ன்னு வாயைத் தொறக்கப் போற. தெரியும். இந்த ஆசை வந்தவன் எல்லாம் முதல்ல அவரைத்தான் இழுப்பான். அவரு திருச்சி செயின்ட் ஜோசப் காலேஜ்ல ஃபிசிக்ஸ் முடிச்சது 1954. மறுவருசம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில விமானப் படிப்பு. சேருததுக்குப் பணம் இல்லாம அக்கா சொஹரா வளையலையும் செயினையும் அடகு வச்சாவ. அதே காலேஜ்ல அதே ஃபிசிக்ஸ் படிச்ச ரங்கராஜனும் அதே குரோம்பேட்டைக்குப் போயி எலெக்ட்ரானிக்ஸ் முடிச்சாரு. சுஜாதான்னு சொன்னா உனக்குத் தெரியும். பாரத் எலெக்ட்ரானிக்ஸ்ல ஓட்டு மெசின் வேலையில இருந்தவரு. எல்லாம் சரி. ஆனா 1949-ல ராஜம் ஆரம்பிச்ச அந்த எம்.ஐ.டி., பி.எஸ்சி. முடிச்சவனுக்குன்னே மூணு வருசப் படிப்பு வச்சிருந்தது. இப்ப அங்க பிளஸ் டூ முடிச்ச பிள்ளைய நாலு வருசம் படிக்கி. கலாம் போன ரோட்டுல போவேன்னு நிக்கியே, அந்த ரோடே இப்ப கிடையாதுடே.

மிச்சம் இருக்கது லேட்டரல் என்ட்ரி. பி.எஸ்சி.க்காரன் பி.இ. ரெண்டாம் வருசத்துல போயி உக்காரலாம், பிளஸ் டூவுல கணக்கு படிச்சிருக்கணும். முதல் வருசத்து இன்ஜினியரிங் டிராயிங், மெக்கானிக்ஸ் பேப்பரையும் சேத்துப் பாஸ் பண்ணணும். அதுலயும் ஏ.ஐ.சி.டி.இ. ஒரு விதி வச்சாவ பாரு, டிப்ளமோக்காரன் பந்தி முடிஞ்ச பெறகு மிச்ச இலைதான் பி.எஸ்சி.க்காரனுக்குன்னு. மூணு வருசம் ஃபிசிக்ஸ் படிச்சிட்டு, எடுபிடி மாதிரி கடைசிப் பந்தியில உக்காரப் போறியா?

இல்ல, நேரா எம்.டெக்.னு சொல்லுத. வெறும் பி.எஸ்சி.யை வச்சிக்கிட்டு அந்த வாசல்ல நின்னா வாட்ச்மேன் கூட ஏறிட்டுப் பாக்க மாட்டான். எம்.எஸ்சி. முடிக்கணும். பெறகு கேட் பரீட்சை. மூணு மணி நேரம், 65 கேள்வி, 100 மார்க்கு. தப்பா டிக் அடிச்சா மார்க்கைப் பிடுங்குவான். லேப்ல சமைச்ச மாதிரி அங்க சமைக்க முடியாது. வந்த ஸ்கோர் மூணு வருசம் செல்லும். அதை வச்சி எம்.டெக். சேந்தா மாசம் 12,400 ரூபாய் குடுக்கான். ஆக மூணும் ரெண்டும் ரெண்டும் ஏழு. மேலத்தெரு பய நாலு வருசத்துல பி.இ. முடிச்சிட்டு, நீ எம்.டெக். சேரும்போது கல்யாணப் பத்திரிகையே அடிச்சிருப்பான். பொறுப்பியா?

பொறுப்பேன்னா ஒண்ணு கேக்கேன். போன மாசம் நம்ம கெணத்துக்கு எத்தனை எச்.பி. மோட்டார் வாங்கணும்னு கேட்டேன்லா? நாப்பது மீட்டர் ஆழம், செகண்டுக்கு அஞ்சு லிட்டர். நீ பேனா எடுத்து அஞ்சையும் ஒன்பது புள்ளி எட்டையும் நாப்பதையும் பெருக்கி 1960 வாட்டுன்னு சொன்ன. அதை 746-ஆல வகுத்து ரெண்டரைக்குக் கொஞ்சம் மேல, "மூணு எச்.பி. தாராளம் தாத்தா"ன்ன. கணக்குல ஒரு புள்ளி பிசகல. பக்கத்துல நின்ன மோட்டார் மெக்கானிக், எட்டாங்கிளாஸ் பெயிலு, பீடியை அணைச்சிட்டு "ஏழரை போடுங்க"ன்னான். உனக்கு ஏழரை பிடிச்ச மாதிரி மூஞ்சி போச்சி.

அவன் ஒரு ஃபார்முலாவும் போடல. பம்பு வாங்குத கரண்டுல பாதிக்குப் பாதிதான் தண்ணியா வரும்னு அவனுக்குத் தெரியும். பைப்பு வளைவுல தண்ணி முட்டிக்கிட்டு வரும், சாயங்காலம் வோல்டேஜ் படுக்கும், சித்திரையில தண்ணி இன்னும் பதினஞ்சு மீட்டர் கீழ போவும். நீ நாப்பதுக்குக் கணக்குப் போட்ட, அவன் அம்பத்தஞ்சுக்குப் போட்டான். "உராய்வு இல்லைன்னு வச்சுக்குவோம்"னு பரீட்சைப் பேப்பர்ல ஒரு வரி வருமே, அந்த வரியை அடிச்சிட்டா உனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அவனுக்குப் பொழப்பே அந்த உராய்வுலதான். இது பிடிச்சிருக்கான்னு பாரு. குவாண்டம் மெக்கானிக்ஸ் புரியலை, அதனால இன்ஜினியரிங் போறேன்னா, அங்கயும் உனக்கு ஒண்ணும் புரியாது.

பிடிச்சிருக்குன்னா, ஃபிசிக்ஸைத் தூக்கி எறிஞ்சிட்டுப் போகாத. அதைச் சட்டைப் பையில வச்சிக்கிட்டு நுழையுத வாசலா பாரு. டெல்லி ஐ.ஐ.டி.யில ஃபிசிக்ஸ் டிபார்ட்மெண்டே அப்ளைடு ஆப்டிக்ஸ்ல எம்.டெக். நடத்துது. கொச்சி குசாட் யுனிவர்சிட்டியில லேசர் படிப்பு இருக்கு, ரயிலேறுனா அன்னைக்கே போயிச் சேந்துரலாம். மெட்டீரியல்ஸ், செமிகண்டக்டர், கருவிகள்னு பொருளோட வயித்துக்குள்ள என்ன நடக்குன்னு கேக்குத வேலை எல்லாம் உனக்குத்தான். சிவில், மெக்கானிக்கல்னு போயி நிக்காத. எங்க ஹெச்.ஓ.டி. அடிக்கடி சொல்லுவாரு: சிப்பைக் கண்டுபிடிச்ச கில்பி படிச்சது எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங், 2000-ல நோபல் வாங்குனது ஃபிசிக்ஸ்ல. அதே சிப்பைச் செஞ்ச நாய்ஸ் ஃபிசிக்ஸ் டாக்டரு, 1968-ல இன்டெல் ஆரம்பிச்சாரு. சொல்லிட்டு, "இதை நம்பி யாரும் ரெக்கார்ட் நோட்டு எழுதாம இருக்காதீங்க"ன்னும் சேத்துக்கிடுவாரு.

இப்ப உங்க வாத்தியாருமாரு சொல்லாததைக் காதுல வாங்கு. எம்.டெக். வாங்கிட்டா நீ இன்ஜினியர்னு சர்க்கார் ஒத்துக்கிடாது. என்.டி.பி.சி., இந்தியன் ஆயில் மாதிரி இடத்துல இன்ஜினியர் வேலைக்கு முழுநேர பி.இ. கேக்கான். டி.என்.பி.எஸ்.சி. உதவிப் பொறியாளருக்கும் அதே கதை. இன்ஜினியரிங் காலேஜ்ல இன்ஜினியரிங் பாடத்துக்கு வாத்தியார் ஆகணும்னாலும் பி.இ.யும் வேணும், எம்.இ.யும் வேணும். உன் கையில மேல்மாடி இருக்கும், கீழ்வீடு இருக்காது. இது தெரியாம சேந்துட்டு, ரெண்டு வருசம் கழிச்சி என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தாத.

பாபா அணு ஆராய்ச்சி நிலையத்துல மட்டும் இந்தச் சாதி பேதம் கம்மி. எம்.எஸ்சி. ஃபிசிக்ஸையும் எடுக்கான், பி.இ.யையும் எடுக்கான். ஒரு வருசம் சேத்து உக்கார வச்சிப் படிப்பு சொல்லிக் குடுத்து, ரெண்டு பேருக்கும் சயின்டிஃபிக் ஆபீசர்னு ஒரே பேரு போடுதான். அதுக்கு எம்.டெக்.கே வேண்டாம்டே.

ஆகவே முதல்ல எம்.எஸ்சி. அப்ளிகேசனைப் போடு. அது நடக்கும்போதே கேட் பரீட்சைக்குப் படி. ஃபிசிக்ஸ் பேப்பரோட இன்னொண்ணும் எழுதலாமான்னு விதியைப் பாத்துக்கோ. சாயங்காலம் அந்த மெக்கானிக் பயகிட்டப் போயி ஒரு மோட்டாரைக் கழட்டி மாட்டப் பழகு, கூலி கேக்காத. ஃபீஸு விசயத்தை உங்க ஆச்சிகிட்ட நானே சொல்லிக்கிடுதேன். நீ மட்டும் அவகிட்ட இன்ஜினியர்னு வாயைத் தொறந்துராத. நாளைக்கே பொண்ணு பாக்கக் கெளம்பிருவா.