ஈ000: குலசேகரத்து ஜெராக்ஸ் கடைகளில் பியூசர் கோளாறும் அதைத் தீர்க்கும் மூன்று மரபுகளும் – ஒரு முன்னாய்வு

குலசேகரத்தைப் பற்றி எழுதியவர்கள் ரப்பரை எழுதினார்கள், திற்பரப்பு அருவியை எழுதினார்கள், பேச்சிப்பாறை அணையையும் விடவில்லை. ஜெராக்ஸ் மெஷின் திரையில் வந்து உட்காரும் 'ஈ000' பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இப்பெருங்குறையைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் மூலபாடம். டோனர் என்பது தாளின்மேல் சும்மா படிந்திருக்கும் தூள். அதை உருக்கி ஒட்டவைப்பது பியூசர். உள்ளே பல்பு எரியும் ஹீட் ரோலர் ஒன்று, அதை அமுக்கிக்கொண்டு பிரஷர் ரோலர் ஒன்று, நடுவே தாள். சூடு 180 டிகிரிக்கு முன்பின். ரப்பர் பாலை உறையவைத்து ரோலரில் கொடுத்து ஷீட் அடிக்கும் ஊருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். பிரஷர் ரோலரும் ரப்பர்தான். ஆனால் சிலிக்கோன் ரப்பர். நம் மரத்துப் பால் அந்தச் சூட்டைத் தாங்காது. உள்ளூர் விளைபொருளுக்கு இத்துறையில் இடமில்லை என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

ரோலரின் சூட்டை நாடி பார்ப்பது தெர்மிஸ்டர். கேனான் ஐஆர் வகையில் அது கைகாட்டினால் மெஷின் சொல்லும்: ஈ000 என்றால் சூடு ஏறவே இல்லை, ஈ001 என்றால் மிஞ்சிவிட்டது, ஈ003 என்றால் ஏறியது இறங்கிவிட்டது. ரிக்கோவில் பியூசர் சங்கதி 541, 542, 543 என்று வரும். பாடபேதம் உண்டு, எண்ணுக்கு எண் பொருள் பொருந்தாது; நோய் இருக்கும் இடம் ஒன்றே.

இனி மரபுகள். முதலாவது, 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணு' மரபு. இதன் ஆசிரியர் பெயர் தெரியவில்லை. மாணாக்கர் உலகெங்கும் உண்டு. ஈ000 முன்னால் இது தோற்கும். மெஷின் அந்தக் குற்றத்தை நினைவில் எழுதி வைத்துக்கொள்கிறது; கரண்டைப் பிடுங்கினாலும் மறக்காது. இரண்டாவது, 'வோல்டேஜ் இல்ல' மரபு. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ரோலர் பல்பு கரண்டை அப்படி இழுக்கும். ஆனால் ஆனி, ஆடி மழையில் தாள் நமுத்துப்போனதையும் இம்மரபினர் வோல்டேஜ் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். நமுத்த தாள் சூட்டைக் குடித்துவிடும், டோனர் ஒட்டாது. ஆதார் நகலைப் பெருவிரலால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் பிறந்த தேதி விரலுக்கு வந்துவிடும். "என்னண்ணே, தேதியே போச்சே?" "மெதுவா பிடிங்க சார்."

மூன்றாவது, மந்திர மரபு. நட்சத்திரக் குறி, 2, 8 இரண்டையும் சேர்த்து ஓர் அமுக்கு, மறுபடி நட்சத்திரம். சர்வீஸ் மோடு திறக்கும். காப்பியர், பங்ஷன், கிளியர், எர்ர் என்று உள்ளே போய் ஓகே கொடுத்து, அணைத்துப் போட்டால் ஈ000 மறையும். இதைச் செய்யும்போது மெக்கானிக் இடது கையால் பட்டன்களை மறைத்துக்கொள்வார். கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். "என்ன அமுக்குனீங்க?" "அது ஒண்ணும் இல்ல." வித்தை இப்படித்தான் காக்கப்படுகிறது.

மூன்றிலும் இதுவே ஆபத்தானது என்பது என் முடிபு. அழிந்தது எழுத்து, பியூஸ் போன பல்பும் தூசி அப்பிய தெர்மிஸ்டரும் அப்படியே இருக்கின்றன. மெஷின் இவ்வளவு பிடிவாதமாகப் பூட்டிக்கொள்வதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. ஜெராக்ஸ் முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் எடுத்த முதல் நகலே மெழுகுத் தாளைச் சூடாக்கித்தான் நிலைத்தது. 1959இல் வந்த ஜெராக்ஸ் 914இல் தாள் சிக்கினால் சில சமயம் தீயே பிடித்தது. கம்பெனி தீயணைப்பான் ஒன்றையும் கூடவே கொடுத்து, அதற்குக் 'கருகல் நீக்கி' என்று நாசூக்காகப் பெயர் வைத்தது.

ஆகவே முறை இதுவே: பிளக்கைப் பிடுங்கி ஆறவிடுக, தெர்மிஸ்டரைத் துடைக்க, பல்பையும், சூடு மிஞ்சினால் கரண்டை வெட்டும் தெர்மோசுவிட்சையும் மல்டிமீட்டரில் பார்க்க, எர்ர் கிளியர் கடைசியில். வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்றால் முந்தின நாளே நகல் எடுத்துவிடுங்கள்.