குறட்டையின் அளவையியல்: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களை முன்வைத்து

குறட்டை விடுபவர் தம் குறட்டையைக் கேட்டதில்லை. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி பத்து அளவைகளை, அதாவது உண்மையை அறியும் வழிகளை, அடுக்குகிறான். பூதவாதியோ கண்கூடாகக் கண்டதையன்றி எதையும் ஏற்பதில்லை. ஆவடி முதல் பூந்தமல்லி வரை குறட்டைக்காரர் அனைவரும் பூதவாதிகளே என்பது இக்கட்டுரையின் துணிபு. “நானா? பொட்டுத் தூக்கம் இல்லையே!” என்பது அவர்தம் மூலபாடம். மனைவி சொல்வது ஆகம அளவை. அதை எதிர்த்தரப்புச் சாட்சியம் என்று தள்ளுவர். செல்போனில் பதிந்து போட்டுக் காட்டினால் பாடபேதம் என்பர்: அது பக்கத்துப் போர்ஷன்காரருடையது, அல்லது இடைச்செருகல்.

குறட்டையர் மூவகையினர். ஒருக்களித்துப் படுத்தால் ஓய்பவர் முதல் வகை. ஜலதோஷத்தோடு வந்து ஜலதோஷத்தோடு போவது இரண்டாம் வகை. மூன்றாம் வகையில், உச்சத்துக்கு ஏறிய ஒலி சட்டென நின்று, சற்றுப் பொறுத்து ஒரு திணறலோடு மீண்டும் எழும். தளர்ந்த தொண்டைத் தசைகள் காற்றுவழியை அடைத்து, 10 விநாடியாவது மூச்சு நின்றால் அது ஒரு தடை. மூச்சு குறையும் தருணங்களையும் கூட்டி, மணிக்கு 5ஐ எட்டினால் நோய்; 30ஐ எட்டினால் தீவிரம். இடையில் வரும் அந்த மௌனத்துக்கு ‘ஆழ்ந்த உறக்கம்’ எனப் பொருள் கொண்டது உரைமரபின் பெரும்பிழை. மூளை அரைவிழிப்புக்கு வந்துதான் மூச்சை மீட்கிறது; இரவில் கெட்ட தூக்கம் பகலில் வழியும்.

“பகலில் தூங்கி வழிகிறாரா என்று அவரையே கேட்கலாமே?” என்பர். மர்ரே ஜான்ஸ் மெல்போர்னில் உருவாக்கி 1991இல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோல் அதைத்தான் கேட்கிறது: எட்டுச் சூழல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 10ஐத் தாண்டினால் சந்தேகம். எட்டாம் சூழல், நெரிசலில் சில நிமிடம் நின்ற கார். பாடி சிக்னல் மரபினர் ‘சில நிமிடம்’ என்ற பாடத்தை ஏற்பதில்லை. அங்கே கண்ணயர்ந்தவரைப் பின்னால் நிற்கும் பஸ்ஸின் ஹாரன் எழுப்பிவிடுவதால் அவருக்குப் பூச்சியமே கிடைக்கும். நான்காம் சூழல், ஒரு மணி நேரக் கார்ப் பயணம். இதை அரக்கோணம் மார்க்க மின்ரயிலுக்குப் பொருத்தினால் பூசல்தான். தூக்கம் பட்டரவாக்கத்தில் தொடங்கும் என்பது ஜன்னல் சீட்டார் கொள்கை; கம்பியைப் பிடித்தபடி கொரட்டூரிலேயே தொடங்கும் என்பது நின்று தூங்குவோர் மறுப்பு. கதவோரத்தாரின் ஓலைச்சுவடி ஒன்று உண்டு. அது இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே மறுக்க முடியாதது. நைட் ஷிஃப்ட் முடித்த தொழிற்பேட்டைக்காரர் தூங்குவது நோயா, நியாயமா என அதில் ஒரு நூற்பா. அதற்கு உரை மூன்று. எழுதியவர்கள் உறங்கிவிட்டதால் மூன்றுமே முற்றுப்பெறவில்லை. மூன்றாம் சூழல், கூட்டத்தில் சும்மா அமர்ந்திருப்பது. இதற்கு 3 வாங்குவோரெல்லாம் நோயாளிகள் என்றால், தமிழாய்வுக் கருத்தரங்குகளின் முன்வரிசையை அப்படியே வார்டில் சேர்க்க வேண்டும்.

தூங்குபவர் சொல்லும் செல்லாது, சுற்றத்தார் சொல்லும் செல்லாது என்றால், மிஞ்சுவது ஸ்லீப் ஸ்டடி: தலையில் ஒயர், மூக்கடியில் குழாய், மார்பில் பட்டை, விரலில் கிளிப். “இத்தனையோடு எவன் தூங்குவான்?” என்ற தடைக்கு விடை எளிது: மூன்றாம் வகையார் தூங்குவர், நோயே அதுதான். மருந்து? எடை குறைப்பது உதவும். 1981இல் சிட்னியின் காலின் சல்லிவன் குழுவினர் லான்செட் இதழில் விவரித்த சிபாப் மெஷின், மாஸ்க் வழியே காற்றழுத்தம் தந்து தொண்டை மூடாமல் தாங்குகிறது. தினமும் மாட்டினால்தான் பயன். விட்டுவிட்டால் ரத்த அழுத்தம் ஏறலாம். பைபாஸில் ஸ்டியரிங் பிடித்தபடி கண்ணயர்பவரை எழுப்ப எந்த ஹாரனும் முந்தி வராது. இன்றைய மெஷின் இரவெல்லாம் கணக்கும் எழுதுகிறது. காலையில் திரையில் தெரியும் அந்த எண்ணையும் ஏற்காதவருக்கு மருத்துவத்தில் வழியில்லை. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிடலாம்.