பாலாற்று பங்கர்

ஓரிக்கையில் கோல்ஃப் மைதானம் கிடையாது, பாலாறு உண்டு. தண்ணீர் வராத நாளெல்லாம் அது ஊர் நீளத்துக்கு ஒரு மணல் பங்கர். எங்கள் தெருப் பட்டு முதலாளி விடிகாலையில் அங்கே சாண்ட் வெட்ஜ் மட்டையோடு இறங்கிவிடுகிறார். பந்தைத் தொடாமல், அதற்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலை வெட்ட வேண்டுமாம். மணல்தான் பறக்கிறது. "அள்ளுறதுக்கு பர்மிட் வாங்கிட்டீங்களா, மொதலாளி?" என்கிறார் மாடு மேய்க்கும் பெரியவர்.

ஞாயிறானால் சென்னை நந்தனம் கோல்ஃப் மைதானம். ஆட்டக்காரருக்குச் சலுகை அடிகள் தரும் ஹேண்டிகேப் எண்ணுக்கு 2020 முதல் உலகம் முழுக்க ஒரே கணக்கு: கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8-இன் சராசரி. மிச்சம் 12 எப்படிப் போனாலும் மன்னிப்பு. சேலையில் ஓர் இழை விட்டிருந்தால் கூலியில் பிடிக்கிற மனிதருக்கு இந்த விதி ரொம்பப் பிடித்துப்போனது.

ஹேண்டிகேப் 28 இருந்தது 24 ஆனதும் தெருவுக்கே காஞ்சிபுரம் இட்லி. ஆனால் போட்டி அறிவித்தால் போதும், மூன்றடி புட்கூடக் குழிக்குள் விழ மறுக்கிறது. ஹேண்டிகேப் ஏறுகிறது, சலுகை அடிகளும் ஏறுகின்றன. ஓராண்டின் மிகக் குறைந்த எண்ணுக்கு மேல் 5 வரைதான் ஏற விடுவார்கள்.

இவர் 4.9-இல் நிற்கிறார்.