எத்தனை வருஷக் கணக்கு?

காரைக்குடியில் ஒரு பிள்ளை பி.எட். முடித்ததும் இரண்டு மனுப் போடுகிறது. ஒன்று ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு, மற்றது பாஸ்போர்ட்டுக்கு. பாஸ்போர்ட் தபாலில் வந்துவிடுகிறது. தேர்வில் தேறிய சான்றிதழும் வந்துவிடுகிறது. வேலை மட்டும் வருவதில்லை. உடனே ஆசிரியர் தின மேடையில் ஒரு தாளாளர் எழுந்து, நல்ல ஆசிரியர்கள் எல்லாம் வெளிநாட்டுக்கு ஓடுகிறார்களே, நம் பிள்ளைகளின் கதி என்ன என்று கண் கலங்குகிறார். கலங்கட்டும். அவர் பள்ளி ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்கள் அவர் பீரோவில்தான் பூட்டிக் கிடக்கின்றன. சாவி இடுப்பில் இருக்கும்போது கண்ணீர் சுலபமாக வரும்.

கடல் தாண்டிப் பிழைப்பது செட்டிநாட்டுக்குப் புதுப் பழக்கமில்லை. ‘கொண்டுவிக்கப் போறது’ என்று அதற்குப் பேரே உண்டு. ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று போனார்கள். வட்டிக்கடைக்கு ஏஜெண்டாகப் போகிறவருக்குச் சம்பளச் சீட்டு எழுதப்படும். மூன்று வருஷக் கணக்கு. மொத்தச் சம்பளம் இவ்வளவு. அதில் முன்பணம் இவ்வளவு. கிட்டங்கி என்கிற கடைக் கட்டடத்தில் தங்கலும் சாப்பாடும் கடைச் செலவு. அந்த வட்டிக்கடையைப் புனிதப்படுத்த நான் வரவில்லை. 1930-களின் முடிவில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் செட்டியார் கடைகளின் கைக்கு வந்திருந்தது. பர்மியக் குடியானவன் கடனுக்கு இழந்த மண் அது. அப்படி ஈவிரக்கம் பார்க்காத கடைகூடத் தன் ஆளுக்குச் சம்பளத்தை எழுத்தில் சொன்னது, திரும்பும் காலத்தைச் சொன்னது. வெளிநாடு கிளம்பும் பையனிடம் ஊர் ஆச்சிமார் இன்றைக்கும் கேட்பது அந்தப் பழைய கேள்வியைத்தான்: “போறது சரி தம்பி, எத்தனை வருஷக் கணக்கு?” பையன் விழிக்கிறான். கன்சல்டன்ஸிக்காரன் அதைச் சொல்லவில்லையே.

கடல் கடந்து சேர்த்த பணம் இந்த மண்ணில் பள்ளியாகவும் கல்லூரியாகவும் எழுந்தது. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 1947-இல் கலைக் கல்லூரி தொடங்கினார், 1950-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் எடுத்துக் கொடுத்தார். அவர் பெயரில் 1985-இல் பல்கலைக்கழகமே வந்தது. வெளிநாட்டுப் பணத்தைக் கொண்டுவந்து இங்கே வாத்தியாரை உருவாக்கினார்கள். நாம் கெட்டிக்காரர்கள், தலைகீழாக்கிவிட்டோம். இங்கே வாத்தியாரை உருவாக்கி, வெளிநாட்டுக்கு ஏற்றி, பணம் வரட்டும் என்று வாசலில் காத்திருக்கிறோம்.

ஏன் போகிறான் என்று கேட்கிறவர்கள் அரசாணைகளைப் படிக்கலாம். ஓவியம், தையல், கணினி, உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். ஏறி ஏறி, 2023-இல் அறிவித்த உயர்வோடு அது 12,500 ஆனது. மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது என்றே வருஷங்கள் ஓடின. பள்ளிக்கு விடுமுறை என்றால் வயிற்றுக்கும் விடுமுறைதான் என்று நிதித்துறையில் யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். பணி நிரந்தரம் செய்வோம் என்று 2021 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி கொடுத்தது. அதற்கு முன் அ.தி.மு.க.வும் பார்க்கிறோம், செய்கிறோம் என்றே காலம் கடத்தியது. எத்தனையோ விஷயத்தில் அடித்துக்கொள்ளும் இரண்டு கழகங்களுக்கும் இந்த ஒன்றில் மட்டும் கொள்கை வேறுபாடு இல்லை.

இடைநிலை ஆசிரியர்கள் கதை இன்னும் ரசமானது. 2009 மே 31 வரை சேர்ந்தவருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய். ஜூன் 1-ஆம் தேதி சேர்ந்தவருக்கு 5,200. ஒரே பள்ளி, ஒரே கரும்பலகை, ஒரே ‘அ’னா ‘ஆ’வன்னா. ஒரு ராத்திரி தூங்கி எழுந்த குற்றத்துக்கு மாதம் 3,170 ரூபாய் அபராதம். சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்காரும்போதெல்லாம் கமிட்டி போடுகிறார்கள், இல்லையென்றால் போலீஸ் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் இறக்குகிறார்கள்.

கல்லூரிக்கு வாருங்கள். முனைவர் பட்டமும் நெட், செட் தேர்ச்சியும் வைத்திருக்கும் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25,000 ரூபாய், அதுவும் வருஷத்துக்குப் பதினோரு மாதம். இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 வீதம் மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இலேயே சொல்லிவிட்டது. 2025 ஆகஸ்டில், குஜராத்தின் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வேதனைப்பட்டது. உதவிப் பேராசிரியருக்கு 30,000 ரூபாயா, விழாக்களில் குருவே பிரம்மா, குருவே விஷ்ணு என்று சுலோகம் சொன்னால் மட்டும் போதுமா என்கிற பொருளில் கேட்டது. குஜராத்காரன் வெட்கப்பட வேண்டிய தொகை 30,000. நம்முடையது 25,000. வெட்கத்திலும் நாம் ஐயாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்திருக்கிறோம்.

தனியார் பள்ளிச் சம்பளத்தை நான் சொல்லப் போவதில்லை. கையெழுத்துப் போடும் தொகை ஒன்று, கைக்கு வரும் தொகை ஒன்று என்பது ஊருக்கே தெரியும்.

தகுதி, தகுதி என்கிறார்களே, அதையும் பார்ப்போம். 2013-இல் தகுதித் தேர்வில் தேறி வேலைக்குக் காத்திருந்தவர்களிடம், தேறினால் மட்டும் போதாது, இன்னொரு போட்டித் தேர்வு எழுது என்றது 2018-இன் அரசாணை 149. பல வருஷமாக வகுப்பெடுத்துக்கொண்டிருப்பவரிடம், ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் பாக்கி இருந்தால் இரண்டு வருஷத்துக்குள் தகுதித் தேர்வில் தேறு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்றது 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆக, தேறியவனுக்கு வேலை இல்லை, வேலையில் இருப்பவன் தேறவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்துக் கோச்சிங் சென்டர்காரன் ஒருவன் பிழைக்கிறான். கல்வித் துறையில் நிரந்தர வேலை அவனுக்குத்தான்.

சரி, போகிறவன் எங்கே போகிறான்?

பக்கத்தில் மாலத்தீவு. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் காரைக்குடியிலிருந்து சென்னை போவதைவிடச் சீக்கிரம் மாலேயில் இறங்கலாம். தீவுப் பள்ளிகளில் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம். கணக்கும் இயற்பியலும் நடத்த இந்திய ஆசிரியர்கள் வருஷக்கணக்காக அங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள். சம்பளம் ருஃபியாவில். ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா என்பது அரசு விலை, ஆனால் அந்த விலைக்கு டாலர் கிடைப்பது குதிரைக் கொம்பு. வெளியே வாங்கினால் சம்பளத்தில் கணிசமான பங்கு தரகனுக்கு. நம் ஸ்டேட் பாங்கின் மாலத்தீவுக் கிளை மூலம் மாதம் 400 டாலர் வரை ஊருக்கு அனுப்ப முடிந்தது. 2025 அக்டோபரில் அதை 150 ஆகக் குறைத்தார்கள். 150 டாலர் என்றால் பதின்மூவாயிரம் ரூபாய்ச் சொச்சம். சிவகங்கை மாவட்டத்துப் பகுதிநேர ஆசிரியரின் அப்போதைய சம்பளம் 12,500. பெண்டாட்டி பிள்ளையை விட்டு, கடல் தாண்டி, பவளத் தீவில் உட்கார்ந்து அல்ஜீப்ரா நடத்தினாலும் வீட்டுக்கு வந்து சேர்வது ஏறக்குறைய அதே தொகை. ஸ்டேட் பாங்கு நம் நிதித்துறையைக் கலந்துகொண்டுதான் இந்த எண்ணை முடிவு செய்ததோ என்னவோ.

வளைகுடாவில் சம்பளத்தைத் தீர்மானிப்பது பட்டமில்லை, பாஸ்போர்ட்டின் தேசம். இந்தியப் பாடத்திட்டப் பள்ளி ஒரு விலை போடும், பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளி பிரிட்டிஷ்காரருக்கு வேறு விலை போடும். இரண்டிலும் பாடம் ஒன்றுதான், நியூட்டன் விதி பாஸ்போர்ட் பார்ப்பதில்லை. அங்கே போகவும் பட்டம் நிஜம்தான் என்று பல்கலைக்கழகத்தில் ஒரு கடிதம், மாநில அரசில் ஒரு முத்திரை, வெளியுறவு அமைச்சகத்தில் ஒரு முத்திரை, தூதரகத்தில் ஒரு முத்திரை. இத்தனைக்கும் அசல் சான்றிதழ் வேண்டும். அதைத் தாளாளரிடமிருந்து மீட்க மூன்று மாதச் சம்பளம் கட்டச் சொல்வார்கள். அடகுக் கடையில்கூட நகை வைத்தால் கையில் கொஞ்சம் பணம் கொடுத்துத்தான் அனுப்புவான்.

இங்கிலாந்து? 2023 பிப்ரவரியிலிருந்து இந்திய ஆசிரியர்களும் அங்கே தகுதி நிலைக்கு மனுச் செய்யலாம். கணக்கு, அறிவியல், மொழி நடத்துகிறவர்களுக்கு மட்டும். வரலாற்று வாத்தியார் வேண்டாம், அவர்களுடைய வரலாறு நமக்குத் தெரியும் என்பதாலோ என்னவோ. லண்டனுக்கு வெளியே தொடக்கச் சம்பளம் 2025 செப்டம்பரிலிருந்து வருஷத்துக்கு 32,916 பவுண்டு. ரூபாயில் சொன்னால் முப்பத்தைந்து லட்சத்துக்குக் குறையாது. கன்சல்டன்ஸி விளம்பரத்தில் இந்த எண் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். வீட்டு வாடகையும் வரியும் அதில் இருக்காது. அந்த நாட்டு ஆஸ்பத்திரிக்கென்று விசா மனுவோடு மொத்தமாகக் கட்ட வேண்டிய பணம் ஆளுக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்டு என்பதும் இருக்காது. மூன்று வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் மூன்று லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. கௌரவ விரிவுரையாளரின் ஒரு வருஷச் சம்பாத்தியம் 2,75,000. வருஷம் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால்கூட அங்கே ஜுரம் வருகிற உரிமையை இவர் வாங்க முடியாது. அமெரிக்காக் கனவையோ 2025 செப்டம்பரில் அதிபர் டிரம்ப் புதிய எச்-1பி விசா மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் வைத்து முடித்துவிட்டார்.

காரைக்குடியில் செக்காலைப் பக்கம் ஒரு நடை போனால் ‘வெளிநாட்டில் ஆசிரியர் வேலை’ நோட்டீஸ் கண்ணில் படாமல் இருக்காது. பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்பது விதி. ஆகவே அதற்கு மேல் வாங்குகிறவன் தன்னை முகவர் என்றே சொல்லிக்கொள்வதில்லை. பயிற்சி மையம், வழிகாட்டி மையம். பத்தாவது தேறாத தொழிலாளி வளைகுடா போனால் குடிபெயர்வு அனுமதி என்று ஒரு வேலியாவது உண்டு, ஒப்பந்தத்தை ஒருவர் புரட்டியாவது பார்ப்பார். எம்.எஸ்சி., பி.எட். படித்தவருக்கு அது தேவையில்லை என்று சட்டம் சொல்கிறது. படித்தவன் ஏமாற மாட்டான் என்று அரசாங்கத்துக்கு நம்பிக்கை. அவன் ஏற்கெனவே அரசாங்கத்திடம் ஏமாந்தவன் என்பது அதற்கு ஞாபகமில்லை. 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று தமிழக அரசுக்குச் சொந்தமாகச் சென்னையில் இருக்கிறது. காரைக்குடிப் பையனுக்கு அதன் பெயர் தெரியாது, கன்சல்டன்ஸிக்காரனின் வாட்ஸ்அப் எண் மனப்பாடம்.

அரசிடம் பணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு 2017-இல் தமிழக அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. தமிழ்த்தாய்க்குக் கோயில் கட்டிய ஊர்க்காரன் நான், எனக்கென்ன வருத்தம்? ஒரு வகுத்தல் மட்டும் போட்டுப் பார்த்தேன். அந்தப் பணத்தில் 363 கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஒரு வருஷச் சம்பளம் கொடுக்கலாம். தமிழ் அமெரிக்காவில் உட்கார நாற்காலி கேட்டால் பத்துக் கோடி, தமிழ் வாத்தியார் உள்ளூரில் நிற்க இடம் கேட்டால் பதினோரு மாதம்.

பழைய வட்டிக்கடை முறைப்படி வாத்தியாருக்கு ஒரு சீட்டாவது எழுதிக் கொடுத்துவிடலாம். வாசகத்தை நானே தயாரித்திருக்கிறேன், கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

உ. சிவமயம். மேற்படி ஊர் வாத்தியாருக்கு அரசாங்கமும் தாளாளரும் கூடி எழுதிக்கொடுத்த சம்பளச் சீட்டு. கணக்கு: பதினோரு மாதம், பன்னிரண்டாம் மாதம் காற்றைக் குடிக்கவும். சம்பளம்: கேட்கும்போது கமிட்டி சொல்லும். முன்பணம்: நாங்கள் கொடுப்பதில்லை, வேலை வேண்டுமானால் நீர் கொடுக்க வேண்டும். பிணை: உமது அசல் சான்றிதழ்கள். மகமை: தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை, மந்திரி வரும் நாளில் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தும் வேலை. சாட்சி: செப்டம்பர் 5-ஆம் தேதி போர்த்திய சால்வை. இந்தச் சீட்டுக்குச் சம்மதமில்லாதவர் தாராளமாக மாலே போகலாம். மாதம் 150 டாலர் அனுப்பலாம்.