கழுத்தின் மேல் ஒரு சிப்பம்

கேள்வி: திருப்பூரில் தையல் வேலை பார்க்கிறேன். மாதக்கணக்கில் கழுத்து வலி. எக்ஸ்ரேயில் எலும்புத் தேய்மானம் என்கிறார்கள். சலூனில் சொடக்கு எடுத்தால் சுகமாக இருக்கிறது. மறுநாள் மறுபடியும் வலி. என்ன செய்வது?

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். நாற்பதைத் தாண்டினால், வலியே இல்லாத பலருக்கும் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியும். ஒட்டகச்சிவிங்கிக்கும் நமக்கும் கழுத்தெலும்பு ஏழுதான். அது இலையைத் தேடி நிமிர்கிறது. நாம் பகலில் ஊசியையும் இரவில் செல்போனையும் பார்த்துக் குனிகிறோம். தலையின் எடை சுமார் 5 கிலோ. 60 டிகிரி குனிந்தால் கழுத்து தாங்கும் பாரம் ஏறக்குறைய 27 கிலோ என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு சிப்பம் அரிசியைப் பிடரியில் ஏற்றிக்கொண்டு சட்டை தைத்தால் வலிக்காதா?

மெஷினுக்கு ஏற்ப நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து தோளைச் சுழற்றுங்கள். முகவாயை நேராகப் பின்னுக்கு இழுத்து ஐந்து விநாடி நிறுத்துங்கள். ராத்திரி வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும்.

சொடக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். வெடுக்கென்று திருகியதில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

கை மரத்துப்போனாலோ, பிடித்த கத்தரிக்கோல் நழுவினாலோ, நடை தள்ளாடினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.