உலக முடிவின் மூடுபனிப் பொறுப்பதிகாரி அவர்களுக்கு ஒரு மனு

பெறுநர்: மூடுபனிப் பொறுப்பதிகாரி அவர்கள், உலக முடிவு, ஹோட்டன் சமவெளி தேசிய பூங்கா.
பொருள்: திரும்பி வருவோர் என்ற பிரிவு விதிகளில் இல்லாமை பற்றியது.

ஹோட்டன் சமவெளி இலங்கையின் மத்திய மலைநாட்டில், கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே விரிந்து கிடக்கும் புல்வெளியும் முகில்காடும் ஆகும். பரப்பு ஏறத்தாழ 3,160 ஹெக்டேயர். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் போகிறது. 1969இல் சரணாலயம், 1988இல் தேசிய பூங்கா, 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் மத்திய மலைநாட்டோடு சேர்ந்து ஓர் இடம் என்று இந்தச் சமவெளி படிப்படியாகப் பதவி உயர்வு பெற்றிருக்கிறது. இத்தனை பெரிய பதவியில் இருக்கும் இடத்தை நடத்துவது இரண்டு நிர்வாகங்கள். ஒன்று வாயிலில் சீட்டுக் கிழிக்கிறது. சீட்டு வாங்கியவர் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்க முடியாது என்று தீர்மானிப்பது மற்றது. இம்மனு இரண்டாவது நிர்வாகத்துக்கு உரியது.

சமவெளியின் இன்றைய பெயர் 1834இல் வந்தது. அவ்வாண்டு இரண்டு பிரித்தானிய லெப்டினன்ட்கள் இதைக் கண்டுபிடித்து, அப்போதைய ஆளுநர் ரொபர்ட் வில்மட் ஹோட்டனின் பெயரைச் சூட்டினார்கள். அதுவரை இதை மகா எலிய என்று அழைத்துவந்த மக்கள் இடத்தை எங்கேயும் தொலைத்துவிட்டதாகப் பதிவு இல்லை. பிறகு வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் வந்தார். வேட்டை நாய்களை ஏவி மரைகளைத் துரத்தினார். அவர் பெயரில் இங்கே ஓர் அருவி இருக்கிறது. மரையின் பெயரில் எதுவும் இல்லை. ஆயினும் கடைசியில் நிலைத்தது மரைதான்: வாகனத் தரிப்பிடத்தில், ‘விலங்குகளுக்கு உணவளிக்காதீர்’ என்ற பலகைக்குப் பக்கத்திலேயே, பிஸ்கட்டை எதிர்பார்த்து அது நிற்கிறது. காட்டைக் காப்பாற்றியதில் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கருக்கும் பங்குண்டு. 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளில் கைவைக்க வேண்டாம் என்று அவர் 1873இல் கூறிய ஆலோசனையை அரசு ஏற்றுக்கொண்டது. 

மூடுபனி நிர்வாகத்தின் அலுவலகம் உலக முடிவு என்னும் மலைவிளிம்பில் இயங்குகிறது. அங்கே தரை முடிந்து, சுமார் 870 மீட்டர் கீழே மீண்டும் தொடங்குகிறது. வானம் தெளிந்த நாளில் தேயிலைத் தோட்டங்கள், தோட்டத் தொழிலாளர் வாழும் லயன் வரிசைகளின் தகரக் கூரைகள், தொலைவில் உடவளவ நீர்த்தேக்கம், அதற்கும் அப்பால் கடல் வரை தெரியும். நிர்வாகத்தின் வேலை நேரம் எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை. இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் இறங்கித் தங்குவதால் விடிகாலையில் காட்சி திறந்திருக்கும். வெயில் ஏற ஏற, கீழே சூடான ஈரக் காற்று பாறைச் சுவரைப் பற்றி மேலே வந்து, குளிர்ந்து, வெள்ளையாகிவிடும். ஒன்பது, பத்து மணிக்குள் கவுண்டர் மூடப்படும். முன்னறிவிப்புக் கிடையாது, பணம் திருப்பித் தரும் வழக்கமும் இல்லை. ஜனவரி முதல் மார்ச் வரை ஓரளவு இரக்கம் காட்டப்படும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சில நாட்கள் அலுவலகம் திறப்பதே இல்லை.

இதனால் ஒவ்வொரு நாளும் நடப்பது பின்வருமாறு. நுவரெலியாவில் விடியுமுன் அலாரங்கள் அடிக்கின்றன. வேன்கள் பட்டிப்பொல வழியாக இருட்டில் ஏறுகின்றன. ஆறு மணிக்கு வாயில் திறந்ததும், ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட சுற்றுப்பாதையில் கூட்டம் ஏறக்குறைய ஓடுகிறது. சிறிய உலக முடிவில் இரண்டு படம், பெரிய உலக முடிவில் இருபது படம், பேக்கர் அருவியில் மூச்சு வாங்கல். பத்தரைக்கு எல்லாரும் வேனில் தூங்குகிறார்கள். பிந்தி வந்தவர்கள் விளிம்பில் நின்று வெள்ளைச் சுவரைப் படமெடுக்கிறார்கள். அந்தப் படத்தை வீட்டுச் சுவருக்கு முன்னாலும் எடுத்திருக்கலாம் என்பதைச் சொல்ல அங்கே அதிகாரி யாரும் இல்லை.

முதல் முறை வருவோருக்கு இந்த ஏற்பாடு நியாயமானதே. சிக்கல் திரும்பி வருவோரால் உண்டாகிறது. இவர்கள் காட்சியை ஏற்கெனவே பார்த்தவர்கள். வருவது நடக்கவும் நண்பர்களைப் பார்க்கவும். வாயிலில் பைகளைச் சோதிக்கும் இடத்திலேயே இவர்களை அடையாளம் காணலாம். மற்றவர்களின் முதுகுப்பை திறக்கப்படுகிறது. மாரி பிஸ்கட்டின் உறை அகற்றப்பட்டு, பிஸ்கட் காகிதப் பைக்கு மாறுகிறது. தண்ணீர்ப் போத்தலின் லேபிளை உத்தியோகத்தர் நகத்தால் சுரண்டி உரித்து, மொட்டைப் போத்தலைத் திருப்பிக் கொடுக்கிறார். பூங்காவுக்குள் பொலித்தீன் போகக் கூடாது என்பது நல்ல விதி, கண்டிப்பாகவும் நடக்கிறது. திரும்பி வருபவர் ரொட்டியையும் கட்டச்சம்பலையும் வாழையிலையில் சுற்றி, லேபிளை வீட்டிலேயே உரித்துவிட்டு வருகிறார். உத்தியோகத்தர் பையை ஒருமுறை பார்த்து, ஆளை ஒருமுறை பார்த்து, ஜிப்பைத் தாமே இழுத்து மூடுகிறார். அரசாங்க வரவேற்பு என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

நண்பர்கள் எனப்படுவோர் யார் என்பதையும் நிர்வாகம் அறிந்திருத்தல் நலம். இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொல, 1,891 மீட்டர். அங்கே இறங்குபவரிடம் “என்ன சேர், இந்த முறையும் வந்துட்டீங்களா? மேல ஒண்ணுமே தெரியாது” என்று சொல்லும் வேன் சாரதி அவர்களில் ஒருவர். இந்த எச்சரிக்கைக்குப் பிறகும் ஆள் ஏறி உட்காருவது அவருக்குப் புதிரல்ல. ஒரே தோட்டப் பாடசாலையில் படித்து, இன்று ஒருவர் கொழும்பிலும் ஒருவர் டொரன்டோவிலும் ஒருவர் அதே தோட்டத்திலும் இருக்கும் கூட்டாளிகள் இன்னொரு வகை. நுழைவுச்சீட்டுக் கவுண்டரில் இவர்கள் உள்நாட்டவர், வெளிநாட்டவர் என இரண்டாகப் பிரிக்கப்படுகிறார்கள். கட்டண வித்தியாசம் பெரியது. லயனில் பிறந்தவர் கனடியக் கடவுச்சீட்டை நீட்டி டொலர் கணக்கில் கட்டும்போது மற்ற இருவரும் மரியாதையாக வேறு பக்கம் பார்க்கிறார்கள். மூடுபனி நிர்வாகம் கடவுச்சீட்டுக் கேட்பதில்லை, மூவரையும் ஒரே அளவில் நனைக்கிறது. நாட்டில் இத்தகைய சமத்துவத்தோடு இயங்கும் திணைக்களம் வேறு இருந்தால் தெரிவிக்கலாம்.

மனிதரல்லாத நண்பர்களும் உண்டு. நெலு எனப்படும் குறிஞ்சி இனச் செடிகள் ஏறத்தாழ 12 ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து மடிகின்றன. திரும்பி வருவதற்கு நேரம் குறித்து வைத்திருப்பவை அவை மட்டுமே. இங்குள்ள தேவாங்கு நீண்ட காலம் அழிந்துபோனதாகக் கருதப்பட்டிருந்தது. 2010இல் அதன் புகைப்படம் வெளியானது. எந்த அலுவலகத்திலும் கையெழுத்துப் போடாமல் திரும்பியவர்களுக்கு அதுவே முன்மாதிரி. கொம்பு மூக்குப் பல்லி பாசி படிந்த கிளையில் அசையாமல் இருக்கும். ஓடுகிறவர்களின் கண்ணுக்கு அது படுவதே இல்லை. ஐரோப்பாவிலிருந்து வந்து, முள்ளும் மஞ்சள் பூவுமாகப் புல்வெளியைப் பிடித்துக்கொண்ட கோர்ஸ் புதர் நண்பர்கள் பட்டியலில் இல்லை. தன்னார்வலர்கள் அதைப் பிடுங்குகிறார்கள், அதுவும் திரும்பி வருகிறது.

இங்கே மூடுபனி நிர்வாகத்தின் மறுபக்கத்தையும் பதிய வேண்டும். காற்றில் வரும் ஈரத்தை மரங்களின் இலைகளும் கிளைகளில் தொங்கும் பாசியும் வடித்தெடுத்து நிலத்துக்குக் கொடுக்கின்றன. மழை பெய்யாத நாளிலும் முகில்காட்டுக்குள் சொட்டுச் சத்தம் கேட்பது இதனாலேயே. மூன்று ஆறுகளின் கணக்கில் இந்தச் சொட்டும் சேரும். 1970களின் பிற்பகுதியிலிருந்து சமவெளிக் காட்டின் சில பகுதிகளில் கீன மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்து பட்டுப்போயின. மண்ணின் வறட்சி, காற்று மாசு என்று பல காரணங்கள் ஆராயப்பட்டன, ஒன்றும் முடிவாகவில்லை. ஆகவே பத்து மணிக்குக் கவுண்டரை மூடுவது சோம்பல் என்ற வேன் பயணிகளின் புகாரை இம்மனு ஆதரிக்கவில்லை. அந்த நேரத்தில் நிர்வாகம் காட்டுக்கு நீர் ஊற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டு வேலையையும் ஒரே ஆள் பார்ப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

இம்மனுவின் கோரிக்கை அந்தப் புகாருக்கு நேர்மாறானது. பனி இறங்கியதும் கூட்டம் கலைகிறது, பாதை காலியாகிறது. திரும்பி வந்தவர்கள் அப்போதுதான் நடையைத் தொடங்குகிறார்கள். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பாதையில், யாருக்குக் கல்யாணம் நடந்தது, யாருடைய முழங்கால் தேய்ந்தது, சம்பளம் கூடியதா இல்லையா என்ற பேச்சு உலக முடிவைத் தாண்டியும் முடிவதில்லை. விளிம்பில் நிற்கும்போது, 870 மீட்டர் கீழே லயனில் இருப்பவர் கைபேசியில் அழைத்து, “மேல என்னடா தெரியுது?” என்கிறார். ஒன்றும் தெரியவில்லை என்ற பதிலைக் கேட்டு, தனக்கும் மலை தெரியவில்லை என்கிறார். எனவே, நிர்வாகம் சனி, ஞாயிறுகளில் அரை மணி முன்னதாக, அதாவது ஒன்பதரைக்குள், கவுண்டரை மூடிவிடுமாறும், அதிகாலைக் கூட்டத்துக்கு அதுவரை தாராளமாகக் காட்சி வழங்கி அனுப்பிவைக்குமாறும், திரும்பி வருவோருக்கெனப் புதிய படிவம் எதையும் தயாரித்துவிட வேண்டாம் என்றும் பணிவோடு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

பிரதி: வேன் சாரதி, பட்டிப்பொல — தகவலுக்கும், ஒன்பதரைக்கு மேல் வந்து ஏற்றிச் செல்வதற்கும்.