முதலை மேல் அமெரிக்கா

கேள்வி: பழைய ஐரோப்பியப் பீங்கான் பொம்மைகளில் கண்டங்களைப் பெண்களாகச் செய்திருக்கிறார்களே, அமெரிக்கா மட்டும் ஏன் முதலை மேல் உட்கார்ந்திருக்கிறாள்?

பதில்: குதிரையை ஐரோப்பா முதலிலேயே பிடித்துக்கொண்டாளே!

எல்லாம் இத்தாலியரான செசாரே ரிப்பாவின் ஏற்பாடு. 1603-ல் படங்களோடு வந்த அவருடைய 'ஐகோனோலொஜியா' நூல்தான் ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் கையேடு. அதில் ஐரோப்பாவுக்குக் கிரீடம், குதிரை, புத்தகங்கள், இசைக் கருவிகள். ஆசியாவுக்குப் பூமாலையும் ஒட்டகமும் சாம்பிராணிப் புகையும். ஆப்பிரிக்காவின் தலையில் யானைத் துதிக்கை, பக்கத்தில் சிங்கம். அமெரிக்காவுக்கு இறகுகள், வில், காலடியில் அம்பு தைத்த மனிதத் தலை, கூடவே முதலை இனத்துப் பிராணி ஒன்று. பங்கு பிரித்தது ஐரோப்பியர் என்பதால் கிரீடம் எங்கே போயிற்று என்று கேட்கவே வேண்டாம்.

18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மைசென் தொழிற்சாலைச் சிற்பி யோஹான் யோவாகிம் கெண்ட்லர் இதே சட்டதிட்டப்படி நால்வரையும் பீங்கானில் வடித்தார். பணக்கார வீட்டு விருந்து மேசைகளில் இப்படிப்பட்ட பொம்மைகள்தான் அலங்காரம்.

வேடிக்கை என்னவென்றால், பீங்கான் செய்யும் வித்தையே ஆசியாவின் சொத்து. சீனர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்ததை ஐரோப்பா கண்டுபிடித்தது 1708 வாக்கில்தான். அதுவும், தங்கம் செய்யச் சொல்லி சாக்சனி மன்னர் அடைத்துவைத்திருந்த ரசவாதி பெட்கரின் உழைப்பால்! 1710-ல் மைசென் தொழிற்சாலை வந்தது. ஆனாலும் ஆசியாவின் கையில் சாம்பிராணிதான் கொடுத்தார்கள், ஒரு பீங்கான் கிண்ணம்கூட இல்லை.

ஆஸ்திரேலியா? கேப்டன் குக் அதன் கிழக்குக் கரையை அடைந்தது 1770-ல். கெண்ட்லர் இறந்தது 1775-ல். கங்காரு மேல் ஒரு பெண்ணை உட்காரவைக்கும் சிரமம் அவருக்கு மிச்சம்.